கட்டுரை வந்துவிட்டது, மாணவர் எங்கே?

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில், உளவியல் இளநிலைப் படிப்பின் ஐந்து பாடங்களுக்கு வீட்டிலிருந்தே எழுதும் இணையவழித் தேர்வுகள் நடந்தன. மற்ற மாணவர்களின் விடைகளோடு சேர்ந்து 33 பேரின் விடைகளும் வந்தன. அந்த 33 பேரும் இல்லாத மனிதர்கள். அவர்கள் பெயரில் எழுதியது ஜிபிடி-4 என்ற மென்பொருள். பீட்டர் ஸ்கார்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் வேண்டுமென்றே செய்த சோதனை இது. விடைகளில் ஒரு வரியைக்கூட அவர்கள் மாற்றவில்லை. திருத்திய பேராசிரியர்களுக்கு எதுவும் தெரியாது.

முடிவுகள் 2024 ஜூனில் வெளிவந்தன. 94 சதவீத விடைகளில் யாருக்கும் சந்தேகமே எழவில்லை. அது மட்டுமல்ல, இல்லாத மாணவர்கள் உண்மையான மாணவர்களைவிடச் சராசரியாக அரை வகுப்பு (முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற தர வரிசையில்) கூடுதலாகவே மதிப்பெண் வாங்கினார்கள். கடைசி ஆண்டுப் பாடத்தில் மட்டும், ஆழமாக யோசித்து எழுதவேண்டிய இடத்தில், இயந்திரம் பின்தங்கியது. அதுவும் 2023-ஆம் ஆண்டு காலத்து இயந்திரம். இன்று இருப்பவை அதைவிடப் பல படி மேலே போய்விட்டன.

இந்தச் சோதனையை மோசடிச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுக் கடந்து போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மதிப்பெண் என்றால் என்ன, அது எதற்குச் சாட்சி என்ற பழைய கேள்வி இதில் திரும்பி வந்திருக்கிறது. ஒரு மாணவர் ஐந்து பக்கம் கட்டுரை எழுதிக் கொடுத்தால், ஆசிரியர் அந்தக் காகிதத்துக்கா மதிப்பெண் போடுகிறார்? காகிதத்தில் அவருக்கு ஆர்வமே கிடையாது. அதை எழுதும்போது மாணவரின் மனதுக்குள் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று நம்பித்தான் போடுகிறார். நாலு புத்தகம் புரட்டியிருப்பார், எது முக்கியம், எது இல்லை என்று பிரித்திருப்பார், எழுதி அடித்துத் திரும்ப எழுதியிருப்பார். யோசிக்காமல் அப்படி ஒரு கட்டுரை வராது என்பதால் கட்டுரையைப் பார்த்தாலே போதும் என்று இருந்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபோது அந்த நம்பிக்கைதான் உடைந்தது.

அதற்கு முன்னால் எல்லாரும் சொந்தமாகவே எழுதினார்களா என்றால், இல்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதிக் கொடுக்கும் நிறுவனங்கள் பெருகியதால், ஆஸ்திரேலியா 2020-இலும் இங்கிலாந்து 2022-இலும் அதைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தன. நம் ஊரில் அந்த வேலையை 'ப்ராஜெக்ட் சென்டர்' செய்தது. கடைசி ஆண்டுப் பொறியியல் மாணவர்கள் குழுவாகப் போய்த் தலைப்பைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டி, அறிக்கையும் நிரலும் சேர்த்து வாங்கி வருவார்கள். ஆனால் அதற்குச் செலவு உண்டு, அலைச்சல் உண்டு, மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் உண்டு. எல்லாராலும் செய்ய முடியாது. அந்த வேலி இப்போது இல்லை. வீட்டுப்பாட விடைகளைச் சந்தாவுக்கு விற்றுவந்த அமெரிக்காவின் செக் நிறுவனம், சாட்ஜிபிடியால் புதிய வாடிக்கையாளர் வரத்து குறைகிறது என்று 2023 மே மாதம் ஒப்புக்கொண்டது. ஒரே நாளில் அதன் பங்கு விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது.

கட்டுரைதானே, கணக்கும் பொறியியலும் தப்பித்துவிடும் என்று ஆரம்பத்தில் சிலர் நினைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன்னுடைய 50 பாடங்களின் கேள்விகளை ஜிபிடி-4 இடம் கொடுத்துப் பார்த்தது. சராசரியாக 65.8 சதவீதக் கேள்விகளுக்குச் சரியான விடை வந்தது. பிரிட்டனில் 2025 தொடக்கத்தில் ஆயிரத்துச் சொச்சம் மாணவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் 88 சதவீதம் பேர் மதிப்பீட்டு வேலைகளுக்கு ஏதோ ஒரு வகையில் இந்தக் கருவிகளைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். முந்தைய ஆண்டு அது 53 சதவீதம். பயன்படுத்தியவர்கள் எல்லாரும் ஏமாற்றியவர்கள் இல்லை. பாடம் புரியாமல் விளக்கம் கேட்டவர்கள், சுருக்கம் எடுத்தவர்கள், ஆங்கிலத்தைச் சரிபார்த்தவர்கள் எல்லாரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். உதவிக்கும் ஏமாற்றுக்கும் நடுவே கோடு எங்கே என்று மாணவர்களுக்கே தெரியவில்லை, பல இடங்களில் ஆசிரியர்களுக்கும் தெரியவில்லை.

பல்கலைக்கழகங்களின் முதல் எதிர்வினை தடைதான். பாரிஸின் சியான்ஸ் போ 2023 ஜனவரியிலும் ஹாங்காங் பல்கலைக்கழகம் அடுத்த மாதத்திலும் தடை போட்டன. ஹாங்காங் அதே ஆண்டிலேயே மனம் மாறி அனுமதித்துவிட்டது. தடை போட்டால் மீறியவரைக் கண்டுபிடிக்க வேண்டுமே! அங்கேதான் கண்டறியும் மென்பொருள்கள் உள்ளே வந்தன. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தவறே செய்யாத மாணவர்கள் அடிபட்டது இங்கேதான்.

இந்த மென்பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன? 'மழை விடாமல் பெய்ததால் ஆற்றில்…' என்று தொடங்கினால் அடுத்து 'வெள்ளம்' வரும் என்று நமக்கே தெரிகிறது. சாட்ஜிபிடி போன்றவை அடுத்து வரக்கூடிய சொல்லை இப்படிக் கணித்துக் கணித்துத்தான் எழுதுகின்றன. அதனால் அவற்றின் எழுத்தில் எதிர்பார்த்த சொல் எதிர்பார்த்த இடத்தில் வரும், வாக்கிய நீளமும் பெரிதாக ஏறி இறங்காது. மனிதர் அதே இடத்தில் 'ஆற்றில் எங்கள் வீட்டு அண்டா மிதந்தது' என்று எழுதக்கூடும். கண்டறியும் மென்பொருள் அந்த எதிர்பாராத தன்மையைத்தான் அளக்கிறது. குறைவாக இருந்தால் இயந்திரம், அதிகமாக இருந்தால் மனிதர் என்று ஒரு சதவீதம் போடுகிறது. அது ஊகம்தான், கைரேகைபோன்ற சான்று கிடையாது. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பல ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்கள் கவனிக்கவே இல்லை.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அதனால் பிடிக்க முடிந்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று தவறாகச் சொன்னது. ஆறு மாதத்திற்குள், துல்லியம் போதவில்லை என்று சொல்லி நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில், கருத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் நிறுவனமான டர்னிடின் தன்னுடைய கண்டறியும் வசதியைக் கொண்டுவந்தது. தவறான குற்றச்சாட்டு 1 சதவீதத்துக்கும் குறைவு என்றது. கேட்கச் சின்ன எண்தான். அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் உட்கார்ந்து கணக்குப் போட்டது. 2022-இல் தாங்கள் டர்னிடினுக்கு அனுப்பிய தாள்கள் 75,000. ஒரு சதவீதம் என்றால், தப்பே செய்யாமல் சுமார் 750 தாள்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்கும். 2023 ஆகஸ்ட்டில் அந்த வசதியை அணைத்துவிட்டார்கள்.

அந்தத் தவறான குற்றச்சாட்டும் எல்லார் தலையிலும் சமமாக விழவில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் ஏழு கண்டறியும் கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகச் சொந்தமாக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்றன அந்தக் கருவிகள். அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளிலோ ஏறக்குறையப் பிழையே செய்யவில்லை. காரணம் எளிது. இரண்டாம் மொழியில் எழுதுபவர் தெரிந்த சொல்லை, பாதுகாப்பான வாக்கிய அமைப்பை எடுத்துக்கொள்வார். மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மெல்பர்னுக்குப் போய் முதுகலை படிக்கும் ஒருவர், பள்ளியில் பழகிய ஒழுங்கான, தப்பில்லாத ஆங்கிலத்தில்தான் எழுதுவார். கருவியின் கண்ணுக்கு அது இயந்திர நடை. அதே டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களை மெருகேற்றச் சொன்னபோது, குற்றச்சாட்டு சுமார் 12 சதவீதமாக இறங்கிவிட்டது. நேர்மையாக எழுதியவர் மாட்டிக்கொள்ள, கருவியைப் பயன்படுத்தியவர் தப்பிக்கிற நிலை. இதைப் படித்த பிறகும் இந்தச் சதவீதத்தை வைத்து ஒரு மாணவரின் பட்டத்தை நிறுத்திவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 2024-இல் ஏறக்குறைய 6,000 முறைகேட்டுப் புகார்கள் பதிவாயின. சுமார் 90 சதவீதம் செயற்கை நுண்ணறிவு தொடர்பானவை. விசாரணைக்குப் போனவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று தள்ளுபடி ஆனது. அந்த விசாரணை முடியும்வரை மாணவரின் தேர்வு முடிவு நிறுத்திவைக்கப்படும், வேலைக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ் இருக்காது. எழுதிய குறிப்புகளையும் இணையத்தில் தேடிய வரலாற்றையும் கொண்டுவந்து காட்டு என்று கேட்கப்பட்டவர்கள் உண்டு. குற்றம் சாட்டியவர் நிரூபிக்க வேண்டும் என்ற சாதாரண நியாயம் தலைகீழாகிவிட்டது. 2025 மார்ச்சில் அந்தப் பல்கலைக்கழகம் கண்டறியும் கருவியைக் கைவிட்டது.

இந்தியாவிலும் விஷயம் நீதிமன்றம் வரை போனது. ஹரியானாவின் ஓ.பி. ஜிண்டல் பல்கலைக்கழகத்தில் சட்ட முதுகலை படித்த ஒரு மாணவரின் 2024 மே மாதத் தேர்வு விடைகளில் 88 சதவீதம் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று சொல்லி அவரைத் தோல்வியடையச் செய்தார்கள். பயன்படுத்தக் கூடாது என்று விதி எங்கே இருக்கிறது, ஆதாரம் எங்கே என்று கேட்டு அவர் பஞ்சாப்–ஹரியானா உயர்நீதிமன்றத்துக்குப் போனார். நவம்பரில் பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி பெற்றவராக அறிவித்தது. வழக்கு அத்தோடு முடிந்ததால் நீதிமன்றம் அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டிய தேவை வரவில்லை. அடுத்த மாணவருக்கு அவை அப்படியே காத்திருக்கின்றன.

நம் நாட்டு விதியின் நிலையையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டுக்கு எதிரான ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. அதன் அடிப்படை, ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு உள்ள ஒற்றுமைச் சதவீதம். 10 வரை தண்டனை இல்லை, 10-க்கு மேல் 40 வரை ஒரு நிலை, 60 வரை அடுத்தது, அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து வரை போகலாம். முனைவர் பட்ட மாணவர்கள் ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இந்த எண்ணைக் குறைக்கப் படும் பாடு, ஆய்வுத்துறைகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். செயற்கை நுண்ணறிவு எழுதுவது எங்கிருந்தும் வரிக்கு வரி எடுத்தது இல்லை, அந்த நேரத்தில் புதிதாகக் கோத்தது. ஒற்றுமைச் சதவீதம் மிகக் குறைவாகவே வரும். ஆக, முழு அத்தியாயத்தையும் இயந்திரத்தை வைத்து எழுதியவர் பச்சை நிற அறிக்கையோடு போய்விடுவார். மூன்று பத்தியை மேற்கோள் குறி போடாமல் எடுத்தவர் மாட்டிக்கொள்வார். 2018-இல் இந்த விதி தேவையாகத்தான் இருந்தது. திருட்டின் வடிவம் மாறியபோது அளவுகோல் மாறவில்லை.

சரி, நம் கல்லூரிகளில் பெரும்பங்கு மதிப்பெண் தேர்வுக்கூடத்தில் கையால் எழுதும் தேர்வுக்குத்தானே, நமக்கென்ன கவலை என்று கேட்கலாம். இந்த அமைப்புக்கு வயது அதிகம். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியைப் பின்பற்றினார்கள். கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். யாரென்றே தெரியாத ஒருவர் எழுதிய விடைத்தாளை, யாரென்றே தெரியாத இன்னொருவர், பதிவெண்ணுக்குப் பதிலாகப் போடும் டம்மி எண்ணை மட்டும் பார்த்துத் திருத்துவது அங்கிருந்து வளர்ந்த வழக்கம். மேற்பார்வையாளர் நிற்கும் கூடத்துக்குள் சாட்ஜிபிடி வர முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூடத்தேர்வு மனப்பாடத்தை வளர்க்கிறது, சிந்தனையை அளக்கவில்லை என்று எத்தனை காலமாகச் சொல்லிவருகிறோம்! அதிலிருந்து வெளியே வரத்தான் கல்லூரியே போடும் 'இன்டர்னல்' மதிப்பெண்ணைக் கூட்டினார்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு இன்டர்னல் 20, செமஸ்டர் தேர்வு 80. 2021 ஒழுங்குமுறையில் அது 40–60 ஆனது. பல கலை அறிவியல் கல்லூரிகளில் 25–75. அந்த இன்டர்னலுக்குள் வகுப்புத் தேர்வோடு அசைன்மென்ட், செமினார், வழக்கு ஆய்வு, சிறு ப்ராஜெக்ட் எல்லாம் வந்தன. மாணவர் தானாகத் தேடி, தானாக யோசித்து எதையாவது செய்யட்டும் என்று திறந்துவிட்ட ஜன்னல் அது. செயற்கை நுண்ணறிவு அடித்து நொறுக்கியது அந்த ஜன்னலைத்தான். மனப்பாடத் தேர்வு கீறல்கூட இல்லாமல் நிற்கிறது. அதனால் 'பார்த்தீர்களா, கூடத்தேர்வுதான் நம்பகமானது' என்று இன்டர்னலைப் பழையபடி குறைக்கும் யோசனை எந்த நேரமும் வரலாம். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் அஞ்சுவது இதைத்தான்.

இப்போதைக்குப் பல ஆசிரியர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, அசைன்மென்ட்டைக் கையால் எழுதிக் கொண்டுவரச் சொல்வது. ஏ4 தாளில், ஓரம் விட்டு, தலைப்புக்கு வேறு மை. மாணவர் செல்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறார். இரவு இரண்டு மணி வரை எழுதுகிறார். அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது, கை வலிக்க உழைத்திருக்கிறார். ஆனால் அந்த உழைப்பில் படியெடுப்பதைத் தவிர எதுவும் நடக்கவில்லை. சீனியரின் ரெகார்டு நோட்டைப் பார்த்து எழுதிய தலைமுறைக்கு இது புதிதும் இல்லை. கையெழுத்து என்பது யோசித்ததற்கான அடையாளம் என்று நாம் இன்னும் நம்புவது வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்காவிலும் காகிதம் திரும்பி வந்திருக்கிறது. அங்கே கூடத்தேர்வுக்கென்று நீல அட்டை போட்ட சிறு நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு, மெல்ல வழக்கொழிந்து வந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கடையில் இரண்டு கல்வியாண்டுகளில் அதன் விற்பனை 80 சதவீதம் கூடியது. கூடத்தேர்வுக்கு ஓர் இடம் இருக்கத்தான் வேண்டும் என்பதற்கு வலுவான ஆதாரமும் கிடைத்திருக்கிறது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் நடத்திய ஆய்வு அது. சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவியோடு பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 48 சதவீதம் மேலாகச் செய்தார்கள். கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் மோசமாகச் செய்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி மாற்றியமைத்த கருவியைப் பயன்படுத்திய இன்னொரு குழுவுக்கு அந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. அதாவது, கருவி கையில் இருக்கும்போது வாங்கும் மதிப்பெண் கற்றலைக் காட்டாமல் போகலாம். கருவியை எப்படி வடிவமைக்கிறோம் என்பதையும் பொறுத்தது அது.

சிட்னி பல்கலைக்கழகம் எடுத்த வழி எனக்குத் தெளிவாகப் படுகிறது. மதிப்பீட்டை அவர்கள் இரண்டு தடமாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்று பாதுகாக்கப்பட்ட தடம். ஆசிரியர் முன்னிலையில், நேரில், மாணவரால் தானாக என்ன முடியும் என்று பார்ப்பது. இன்னொன்று திறந்த தடம். அதில் செயற்கை நுண்ணறிவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்தினோம் என்று சொன்னால் போதும். நடுவில் 'வீட்டில் எழுது, ஆனால் சாட்ஜிபிடியைத் தொடாதே' என்ற மூன்றாவது தடம் கிடையாது. அந்தத் தடையைக் காவல் காக்க முடியாது என்று ஒப்புக்கொண்டதுதான் இதில் துணிச்சலான விஷயம். காவல் காக்க முடியாத விதி, நேர்மையான மாணவரை மட்டுமே கட்டிப்போடும். 2025 முதல் செமஸ்டரிலிருந்து அங்கே இது நடைமுறையில் இருக்கிறது.

பாதுகாக்கப்பட்ட தடத்தில் என்ன வைப்பது? திரும்பவும் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு மட்டும்தானா? இங்கே நம்மிடம் ஒரு பழைய பொருள் இருக்கிறது: வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. செய்முறைத் தேர்வில் எக்ஸ்டெர்னல் (வெளித்தேர்வாளர்) வந்து உட்கார்ந்து, ரெகார்டைப் புரட்டிக்கொண்டே 'இந்த மதிப்பு ஏன் குறைந்தது?' என்று கேட்பார். முனைவர் பட்டத்துக்குப் பொது வாய்மொழித் தேர்வு இன்றும் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். இன்னும் பின்னால் போனால் அரங்கேற்றம். நூலை எழுதி முடித்தால் வேலை முடிந்ததாகிவிடாது. அவையில் வாசித்து, புலவர்கள் எழுப்பும் தடைகளுக்கு விடை சொல்லி, அவர்கள் ஏற்ற பிறகுதான் அது நூல். எழுதியவரும் எழுத்தும் ஒரே இடத்தில் நிற்கவேண்டும் என்ற ஏற்பாடு அது. இயந்திரம் எழுதித் தந்ததை வைத்து அரங்கேற வரும் மாணவர் இரண்டாவது கேள்வியில் தடுமாறுவார். இயந்திரத்தின் உதவியோடு உண்மையாகவே கற்றுக்கொண்டவர் தடுமாற மாட்டார், அவரைத் தண்டிக்கவேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் வைவாவைப் புகழ்ந்துவிட்டு மட்டும் நகர முடியாது. டம்மி எண் ஏன் வந்தது? விடைத்தாளைத் திருத்துபவருக்கு மாணவரின் பெயர், ஊர், சாதி எதுவும் தெரியக்கூடாது என்பதற்காகவும்தான். வைவாவில் அந்தத் திரை விலகிவிடுகிறது. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை ஆராய்ந்த தோரட் குழு 2007-இல் அறிக்கை கொடுத்தது. செய்முறையிலும் வைவாவிலும் பாகுபாட்டைச் சந்தித்ததாக மாணவர்கள் சொன்னதை அது பதிவு செய்திருக்கிறது. மொழியும் ஒரு தடைதான். தமிழ்வழியில் படித்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு, அவர் திணறுவதைப் பார்த்து 'இவர் எழுதவில்லை' என்று முடிவு கட்டினால், ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் பார்த்த அதே அநியாயம் மனிதர் கையால் நடக்கும். திக்கிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள், நாலு பேர் முன்னால் வாயே திறக்காதவர்களும் இருக்கிறார்கள். வைவா வைப்பதென்றால் தமிழில் பதில் சொல்லும் உரிமை, இரண்டு தேர்வாளர்கள், முன்கூட்டியே அறிவித்த மதிப்பெண் அளவுகோல், மேல்முறையீட்டுக்காக ஒலிப்பதிவு ஆகியவை சேர்ந்தே வரவேண்டும். இவை இல்லாத வைவாவைவிட டம்மி எண்ணே மேல்.

மேசையின் மறுபக்கமும் மாறிக்கொண்டிருக்கிறது. உண்மையில் இயந்திரம் திருத்தக் கற்றுக்கொண்டது, எழுதக் கற்றுக்கொள்வதற்குப் பல காலம் முன்னால். 1966-லேயே அமெரிக்காவின் எல்லிஸ் பேஜ் கட்டுரைக்குக் கணினி மதிப்பெண் போடும் முறையை முன்வைத்தார். கட்டுரையின் நீளம், கால்புள்ளிகளின் எண்ணிக்கை போன்ற வெளி அடையாளங்களை அது எண்ணியது. 1999-இல், மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வுக் கட்டுரைகளை மனிதரோடு சேர்ந்து ஈ-ரேட்டர் என்ற மென்பொருளும் திருத்தத் தொடங்கியது. எம்.ஐ.டி.யின் லெஸ் பெரல்மேன் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். மூன்று சொற்களைக் கொடுத்தால் பொருளே இல்லாத, பெரிய பெரிய சொற்கள் நிறைந்த கட்டுரையை உமிழும் பேபல் என்ற நிரலை 2014-இல் மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். திருத்தும் மென்பொருள்கள் அந்த உளறலுக்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தன.

இன்றைய கருவிகள் அந்த அளவுக்கு ஏமாறுவதில்லை, பொருளைப் பார்த்துக் கருத்துச் சொல்கின்றன. அதனாலேயே ஆசிரியர்களுக்கு ஆசை வருகிறது. பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், தன் பேராசிரியர் பாடக்குறிப்புகளைச் சாட்ஜிபிடியில் தயாரித்ததைக் கண்டுபிடித்த ஒரு மாணவி அந்தப் பாடத்துக்குக் கட்டிய 8,000 டாலருக்கு மேற்பட்ட கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார். கிடைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. மாணவர் இயந்திரத்தில் எழுதி, ஆசிரியர் இயந்திரத்தில் திருத்தினால் அந்த வகுப்பில் யாரும் யாரையும் சந்திக்கவில்லை. 2024-இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், கற்றல் விளைவை மதிப்பிடும் கருவிகளையும் தேர்வில் முறைகேட்டைக் கண்காணிக்கும் கருவிகளையும் அதிக ஆபத்துப் பிரிவில் வைத்திருக்கிறது. மனித மேற்பார்வையும் பதிவேடுகளும் இல்லாமல் அவற்றைப் பயன்படுத்துவது அங்கே எளிதாக இருக்காது. நம் பல்கலைக்கழகங்களில் யாராவது ஒருவர் விடைத்தாள் திருத்தலை இயந்திரத்திடம் கொடுக்கும் திட்டத்தோடு வருவதற்கு முன், இப்படி ஒரு பாதுகாப்பு இங்கேயும் வேண்டும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் வேறு பக்கமாக யோசித்தார். செயற்கைக் குரலில் பேசும் கருவியை வைத்தே 36 மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்தினார். ஒருவருக்குச் சராசரியாக 25 நிமிடம், மொத்தச் செலவு 15 டாலர். எழுத்துத் தேர்வைவிட இது பதற்றமாக இருந்தது என்று பெரும்பாலான மாணவர்கள் சொன்னார்கள். உண்மையான புரிதலைச் சோதித்தது என்றும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். மலிவு, வேகம் எல்லாம் சரி. ஒரு பிள்ளை தயங்கும்போது 'பரவாயில்லை, வேறு மாதிரிக் கேட்கிறேன், தமிழிலேயே சொல்லுங்கள்' என்று சொல்லும் ஆசிரியர் அந்த அறையில் இல்லை என்பதை மட்டும் நான் குறித்துக்கொள்கிறேன்.

அந்த ஆசிரியருக்கு நேரம் இருக்கிறதா என்பதில்தான் கணக்கு முடிகிறது. வகுப்பில் 60 பேர். ஒருவருக்குப் பத்து நிமிடம் வைவா என்றால் பத்து மணி நேரம். வாரத்துக்கு நான்கு மணி நேரம் நடக்கும் பாடத்தில் இது இரண்டரை வார வகுப்பு. செமஸ்டருக்கு இரண்டு முறை வைத்தால் இருபது மணி நேரம், அவர் எடுக்கும் மற்ற பாடங்களுக்கும் சேர்த்தால் அறுபது, எண்பது. நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் அரசுக் கல்லூரிகளில் இந்த மணி நேரத்தை யாரிடம் கேட்பது? முழுதாக முடியாவிட்டாலும், ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் குலுக்கல் முறையில் பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால்கூட, யார் பெயர் வரும் என்று தெரியாததால் அறுபது பேரும் தாங்கள் கொடுத்ததை ஒருமுறையாவது படித்துவிட்டு வருவார்கள். அதற்கு ஒரு மணி நேரமும் நாற்பது நிமிடமும் போதும்.